மகள் வீட்டு வைஃபையில் மட்டும் அணைந்து எழும் கைப்பேசி

வாசகர் கேள்வி – பதில்

கைப்பேசி தானாக அணைந்து எழுவதைப் பற்றி இந்த முறை ஐந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. ஐந்திலும் ஒரு பொதுத்தன்மை இருந்தது: எல்லா இடத்திலும் அணைவதில்லை, குறிப்பிட்ட ஒரு வைஃபையிலோ குறிப்பிட்ட ஒரு சிக்னலிலோதான் அணைகிறது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இந்த இதழை இதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். எங்கள் வீட்டிலுள்ள பழைய வைஃபையில் என் கைப்பேசி மூன்று ஆண்டுகளாக ஒரு தொல்லையும் தந்ததில்லை. தாம்பரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போனால் மட்டும் ஒரு நாளைக்கு ஆறேழு முறை திரை இருண்டு, தயாரித்த நிறுவனத்தின் சின்னம் தோன்றி, முதலிலிருந்து எழுகிறது. மருமகன் தீபாவளிக்குப் புதிய ஃபைபர் இணைப்பு வாங்கி, கூடத்தில் ஒரு ரவுட்டரும் படுக்கையறைப் பக்கம் அதன் துணைக்கருவி ஒன்றும் வைத்திருக்கிறார். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல். அவர்கள் இருவருடைய கைப்பேசிகளும் அங்கே ஒழுங்காக வேலை செய்கின்றன. வைஃபையை அணைத்துவிட்டு சிம் டேட்டாவில் இருந்தால் என்னுடையதும் ஒழுங்காகவே இருக்கிறது. சேவை மையத்தில் அரை நாள் வைத்திருந்துவிட்டு, “ஒண்ணும் இல்ல சார், வேணும்னா ஃபார்மட் பண்ணித் தர்றோம்” என்றார்கள். பேரனின் படங்கள் போய்விடுமோ என்று அஞ்சித் திரும்பிவிட்டேன். குறை என் கைப்பேசியிலா, மருமகன் வீட்டு வைஃபையிலா?
— வாசகர், மயிலாடுதுறை

பதில்: ஃபார்மட்டுக்கு ஒத்துக்கொள்ளாமல் திரும்பியது நல்லதாயிற்று, ஐயா. குறை கைப்பேசியில்தான் இருக்கிறது. அதைக் கிளறிவிடுவது அந்த வைஃபை. ஒரு ரவுட்டர் எவ்வளவு கோணலான தகவலை அனுப்பினாலும், பிடிக்கவில்லையென்றால் இணைப்பை அறுத்துக்கொண்டு ஒதுங்குவதுதான் கைப்பேசி செய்ய வேண்டியது. தானே மயங்கி விழுகிறது என்றால் அதனுள் எங்கோ ஒரு பிழை முன்பே இருந்திருக்கிறது என்றும், உங்கள் வீட்டுப் பழைய ரவுட்டர் அந்த இடத்தைத் தொடவே இல்லை என்றும் கொள்ள வேண்டும்.

உள்ளே நடப்பதைச் சற்று விளக்குகிறேன். கைப்பேசியின் வைஃபை சில்லு தனக்கென்று ஒரு சிறு செயலியும் தனக்கென்று ஒரு மென்பொருளும் உடையது. ரவுட்டர் நொடிக்கு ஏறக்குறைய பத்து முறை தன்னைப் பற்றிய ஒரு சிறிய அறிவிப்பைக் காற்றில் விடுகிறது. அதில் அதன் பெயர், பாதுகாப்பு முறை, அலைவரிசை எண், அது அறிந்த புதிய வசதிகள் ஆகியவை தனித்தனிச் சிப்பங்களாக அடுக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு சிப்பத்தின் தலையிலும் ‘நான் இன்ன வகை, என் நீளம் இவ்வளவு’ என்ற குறிப்பு இருக்கும். அந்தக் குறிப்பைச் சரிபார்க்காமல் நம்பிவிடும் மென்பொருள், நினைவகத்தில் தனக்கு உரிமையில்லாத இடத்துக்குள் கால் வைத்துவிடுகிறது. அப்போது தடுமாறுவது வைஃபை சில்லு மட்டுமானால், நன்றாக எழுதப்பட்ட கைப்பேசிகளில் அந்தச் சில்லை மட்டும் மறுபடி எழுப்பிவிடுவார்கள். உங்களுக்குத் தெரிவது வைஃபை அடையாளம் இரண்டு மூன்று நொடி மறைந்து திரும்புவது மட்டும்தான். தடுமாற்றம் சில்லை இயக்கும் டிரைவர் வழியாகக் கர்னல் எனப்படும் அடிப்படைப் பகுதிக்குள் போய்விட்டால் கதை வேறு. இனியும் ஓடினால் தகவல்கள் சிதையும் என்று முடிவு செய்து, கர்னல் தானே முழுக் கைப்பேசியையும் நிறுத்தி எழுப்புகிறது. நீங்கள் பார்க்கும் இருண்ட திரையும் நிறுவனச் சின்னமும் பெரும்பாலும் அதுவே.

இது கற்பனைச் சிக்கல் அன்று. 2015 ஏப்ரலில் ஸ்கைக்யூர் என்ற பாதுகாப்பு நிறுவனம், கோணலாக அமைக்கப்பட்ட ஒரு சான்றிதழை வைஃபை வழியாக அனுப்பினால் ஐபோனின் செயலிகள் சரிவதையும், சில நிலைகளில் கைப்பேசியே ஓயாமல் அணைந்து எழுந்துகொண்டிருப்பதையும் செய்துகாட்டியது. 2021 ஜூனில் விழுக்காட்டுக் குறிகளும் சில ஆங்கில எழுத்துகளும் கலந்த ஒரு பெயருடைய வைஃபையில் இணைந்த ஐபோன்கள், அதன்பின் எந்த வைஃபையிலும் இணைய முடியாமல் போயின. பெயரிலிருந்த குறிகளை மென்பொருள் கட்டளையாக எடுத்துக்கொண்டதே காரணம், ஐபோனின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ்ஸின் 14.7 பதிப்பு அதைத் திருத்தியது. ஆண்ட்ராய்டுக்கு அடித்தளமான லினக்ஸ் கர்னலில் ரவுட்டர் அறிவிப்பைப் படிக்கும் பகுதியில் மட்டும் 2022 அக்டோபரில் ஐந்து பிழைகள் வெளியே வந்து திருத்தப்பட்டன. ஒரு ரவுட்டரின் பெயரைப் படிப்பதிலேயே இவ்வளவு இடறல் இருக்கிறதென்றால், இணைந்தபின் நடக்கும் வேலைகளில் எத்தனை இருக்கும் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

மருமகனின் கைப்பேசிக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கும் இதுவே விடை. அவருடையதில் இருப்பது வேறு சில்லாகவோ அதே சில்லின் வேறு மென்பொருளாகவோ இருக்கலாம்.

இனி உங்கள் கைப்பேசிக்கு வருவோம். இத்தகைய கோளாறில் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. வைஃபையை இயக்கியவுடன், இணைவதற்கு முன்பே அணைந்தால் அறிவிப்பைப் படிப்பதில் சிக்கல். கடவுச்சொல் கொடுத்து இணையும் நொடியில் அணைந்தால் பாதுகாப்பு முறையின்மீது ஐயம் கொள்ளலாம். புதிய ரவுட்டர்கள் டபிள்யூபிஏ2 என்ற பழைய பாதுகாப்பு முறையையும் டபிள்யூபிஏ3 என்ற புதிய முறையையும் கலந்து வழங்குவது சில பழைய கைப்பேசிகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. இணைந்து சில நிமிடங்கள் நன்றாக இருந்துவிட்டு அணைந்தால், அந்த நிமிடத்தில் நீங்கள் நடந்துகொண்டிருந்தீர்களா என்று பாருங்கள். ஒரு நாளைக்கு ஆறேழு முறைதான் என்று எழுதியிருக்கிறீர்கள். எனவே மூன்றாவது வகை என்றே ஊகிக்கிறேன்.

கூடத்திலிருந்து படுக்கையறைக்குப் போகும்போது உங்கள் கைப்பேசி ஒரு கருவியை விட்டு இன்னொன்றைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஒரே பெயர் என்பதால் உங்களுக்கு அது தெரிவதில்லை. இந்தக் கைமாற்றத்தை நொடியின் சிறு பகுதிக்குள் முடிப்பதற்காக 2008-இல் வகுக்கப்பட்ட 802.11ஆர் என்ற முறையைப் பல ரவுட்டர்கள் ‘ஃபாஸ்ட் ரோமிங்’ என்ற பெயரில் தருகின்றன. பெரிய அலுவலகங்களுக்கென்று வந்த வசதி வீட்டுக்குள் நுழைந்தபோது, அதை அரைகுறையாகக் கற்றுக்கொண்ட கைப்பேசிகளும் கூடவே நுழைந்துவிட்டன. அதோடு, ஒரே கருவியே 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளையும் ஒரே பெயரில் தந்து, தூரத்துக்கு ஏற்ப உங்கள் கைப்பேசியை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தள்ளிக்கொண்டும் இருக்கும். ஊரிலுள்ள உங்கள் பழைய ரவுட்டர் ஒற்றைக் கருவி. அங்கே இந்தக் கைமாற்றமே கிடையாது.

அடுத்த முறை தாம்பரம் போகும்போது மருமகனை அருகில் வைத்துக்கொண்டு, ஒரு தாளில் நேரம் குறித்தபடி, ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் என்ற ஒழுங்கில் பாருங்கள். முதலில் படுக்கையறைத் துணைக்கருவியின் பிளக்கை மட்டும் கழற்றிவிட்டு ஒரு பகல் முழுவதும் கைப்பேசியைப் புழங்குங்கள். அணையவில்லை என்றால் ஐயம் கைமாற்றத்தின்மேல் உறுதியாகிறது. கருவியைத் திரும்ப மாட்டி, ரவுட்டரின் செட்டிங்ஸில் ஃபாஸ்ட் ரோமிங்கை மட்டும் நிறுத்திப் பாருங்கள். அதை நிறுத்துவதால் வீட்டில் மற்றவர்களுக்கு இழப்பு ஏதும் பெரிதாக இராது. துணைக்கருவி இல்லாமலும் அணைகிறது என்றால், இரண்டு அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் வைத்து, உங்கள் கைப்பேசியை 2.4-இல் மட்டும் இணைத்துப் பாருங்கள். அதன்பின் பாதுகாப்பை டபிள்யூபிஏ2 மட்டும் என்று மாற்றிப் பாருங்கள். கடைசியாக வைஃபை 6 என்ற புதிய தலைமுறை வைஃபை முறையை நிறுத்திப் பாருங்கள். நான்கையும் ஒரே நாளில் மாற்றி, சரியாகிவிட்டது என்று மகிழ்ந்தால், எது சரிசெய்தது என்று ஒருநாளும் தெரியாது. பாதுகாப்பையே எடுத்துவிட்டுக் கடவுச்சொல் இல்லாமல் விடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் கேட்காதீர்கள்.

கைப்பேசியின் பக்கத்தில் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, நிலுவையிலுள்ள மென்பொருள் புதுப்பிப்புகள் எல்லாவற்றையும் ஏற்றிக்கொள்வது. வைஃபை சில்லின் மென்பொருளும் டிரைவரும் தனியாக வருவதில்லை, இந்தப் புதுப்பிப்புகளுக்குள்தான் மடித்து வைக்கப்பட்டு வருகின்றன. மற்றது, செட்டிங்ஸில் ரீசெட் என்ற பகுதிக்குள் நெட்வொர்க் அமைப்புகளை மட்டும் மீட்டமைக்கும் தேர்வு. சேமித்த வைஃபை கடவுச்சொற்களும் புளூடூத் இணைப்புகளும் போகும். பேரனின் படங்களுக்கு ஒன்றும் ஆகாது. அதே பக்கத்தில் எல்லாவற்றையும் அழிக்கும் தேர்வும் இருக்கும் என்பதால், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரியை முழுவதும் படித்துவிட்டு அழுத்துங்கள்.

சேவை மையத்தார் பொய் சொல்லவில்லை. அவர்களுடைய வைஃபையில் உங்கள் கைப்பேசி அணையாது; அவர்கள் என்ன செய்வார்கள்? மேலே சொன்ன எதுவும் பலிக்காமல் திரும்ப அங்கே போக நேர்ந்தால், எந்த நேரத்தில், எந்த இடத்தில் அணைந்தது என்ற உங்கள் தாளையும், ரவுட்டரின் மாடல் எண்ணையும், அணைந்து எழுந்தவுடன் செட்டிங்ஸில் மறைந்திருக்கும் ‘டெவலப்பர் ஆப்ஷன்ஸ்’ பகுதியில் மருமகனைக் கொண்டு எடுத்த ‘பக் ரிப்போர்ட்’ என்ற கோளாறுப் பதிவுக் கோப்பையும் கொண்டுபோங்கள். அந்தக் கோப்பில் உங்கள் சொந்த விவரங்களும் கலந்திருக்கும். சேவை மையம் தவிர வேறு யாருக்கும் தர வேண்டாம்.

கேள்வி: வால்பாறையில் தேயிலைத் தோட்டம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். என் கைப்பேசிக்கு நான்கரை வயது. பொள்ளாச்சிக்கு இறங்கினால் நாள் முழுவதும் நன்றாக இருக்கிறது. தோட்டத்துக்குள் போய்ப் பேசத் தொடங்கினால், சார்ஜ் 35 சதவீதம் காட்டும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது. பொத்தானை அழுத்தி இயக்கினால் சில நேரம் 30 காட்டுகிறது, சில நேரம் 8 காட்டுகிறது. குடியிருப்பின் வைஃபையில் இந்தத் தொல்லை இல்லை. டவரில் கோளாறா?
— வாசகர், வால்பாறை

பதில்: மயிலாடுதுறை வாசகரின் கைப்பேசி தானே எழுகிறது, உங்களுடையது நீங்கள் எழுப்பும்வரை கிடக்கிறது, எழுந்ததும் சார்ஜ் கணக்கை மாற்றிச் சொல்கிறது. இந்த வேறுபாடு ஒன்றே போதும், உங்களுக்கு மென்பொருளைத் தேட வேண்டியதில்லை. பேட்டரி கிழடாகிவிட்டது.

கைப்பேசி டவருக்கு அருகில் இருக்கும்போது சில மில்லிவாட் ஆற்றலில் பேசினாலே போதும். மலைமடிப்புக்குள், டவர் எட்டாத தூரத்தில், அது தொண்டை கிழியக் கத்த வேண்டியிருக்கிறது. 4ஜியில் அதன் உச்ச ஆற்றல் ஏறக்குறைய 0.2 வாட், 4ஜி கிடைக்காமல் 2ஜிக்கு இறங்கிவிட்டால் 900 மெகாஹெர்ட்ஸில் 2 வாட் வரை போகும். அதுவும் ஒரே சீராக அல்ல, நொடிக்கு 217 முறை வெட்டி வெட்டி. ஒவ்வொரு வெட்டிலும் பேட்டரியிலிருந்து 2 ஆம்பியர் அளவுக்கு மின்னோட்டம் உருவப்படலாம்.

புதிய பேட்டரிக்கும் பழைய பேட்டரிக்கும் இங்கேதான் பிரிவு. கணக்குக்காகச் சொல்கிறேன்: புதிய பேட்டரியின் உள்தடை (மின்னோட்டத்துக்கு அது தனக்குள்ளேயே காட்டும் எதிர்ப்பு) 0.1 ஓம் என்று வைத்தால், 2 ஆம்பியர் இழுக்கும்போது மின்னழுத்தம் 0.2 வோல்ட் இறங்கும், 3.7 வோல்ட் 3.5 ஆகும், கைப்பேசி அதைப் பொருட்படுத்தாது. வயதால் உள்தடை 0.35 ஓமாக ஏறியிருந்தால் இறக்கம் 0.7 வோல்ட், மிஞ்சுவது 3 வோல்ட். அந்த அளவில் உள்ளே இருக்கும் மின்காப்புச் சுற்று சட்டென்று வழங்கலை நிறுத்திவிடும். இழுப்பு நின்றவுடன் பேட்டரி மீண்டும் 3.7 என்று அப்பாவியாக நிற்கும். நீங்கள் 30 சதவீதத்தைப் பார்த்துக் குழம்புவது இதனால்தான். குளிர் உள்தடையை இன்னும் ஏற்றும் என்பதால், மார்கழிக் காலையில் தோட்டத்தில் தொல்லை கூடியிருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆப்பிள் நிறுவனம் 2017-இல் பட்டபாடும் இதே சிக்கலால் வந்ததுதான். ஐபோன் 6, 6எஸ் போன்றவை பேட்டரி தேய்ந்தபின் திடீரென்று அணைந்ததால், 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1 மூலம் அவற்றின் உச்ச வேகத்தைச் சத்தமில்லாமல் குறைத்துவிட்டது. அவ்வாண்டு டிசம்பரில் செய்தி வெளிவந்ததும் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தைக் குறைத்தது. அங்கே மின்னழுத்தத்தை இறக்கியது செயலியின் வேகம், உங்களுக்கு டவரின் தூரம். கீழே விழுகிற இடம் ஒன்றுதான்.

உறுதி செய்துகொள்ள எளிய சோதனை உண்டு. அணையும் அதே இடத்தில், அதே 35 சதவீதத்தில், பவர் பேங்கைச் செருகிக்கொண்டு பேசிப் பாருங்கள். அப்போது அணையவில்லை என்றால் பேட்டரியை மாற்றிவிடலாம். மாற்றும்வரை தோட்டத்துக்குள் பாதிக்குக் கீழே சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். குடியிருப்பில் இருக்கும்போது ஏரோபிளேன் மோடைப் போட்டுவிட்டு வைஃபையை மட்டும் இயக்கி, வைஃபை காலிங்கில் பேசுங்கள். டவரைத் தேடித் தேடிப் பேட்டரி தேய்வது குறையும். கைப்பேசியின் பின்மூடியோ திரையோ சற்றே மேலெழும்பியிருந்தால் மட்டும் இந்தச் சோதனை எதுவும் வேண்டாம். பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். சார்ஜில் போடாமல் நேரே கடைக்குப் போங்கள்.

கேள்வி: கல்லூரி மாணவி. தினமும் பேருந்தில் போகும்போது அவினாசி சாலையில் குறிப்பிட்ட ஓர் இடம் தாண்டும்போது கைப்பேசி அணைந்து எழுகிறது. 5ஜி இயக்கத்தில் இருந்தால்தான் இப்படி என்று தோழி சொல்கிறாள். 4ஜிக்கு மாற்றிவிட்டால் சரியாகுமா?
— வாசகி, திருப்பூர்

பதில்: தோழி சொல்வது பொருத்தமான ஊகம்தான். ஆனால் அதற்கு முன் ஒரு கேள்வி: அந்த இடத்தில் சாலையில் வேகத்தடையோ பள்ளமோ இருக்கிறதா? உள்ளே பேட்டரியின் இணைப்பான் தளர்ந்திருந்தால் பேருந்து ஏறி இறங்கும் குலுக்கலிலேயே கைப்பேசி அணைந்து எழும். பழி 5ஜியின் தலையில் விழும். ஒருநாள் அங்கே இறங்கி, கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த இருநூறு மீட்டரை நடந்து பாருங்கள். நடந்தாலும் அணைந்தால்தான் சிக்னலைப் பார்க்க வேண்டும்.

சிக்னல்தான் என்று ஆனால், அது ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்கு அல்லது 5ஜியிலிருந்து 4ஜிக்குக் கைப்பேசி மாறுகிற எல்லையாக இருக்கலாம். டவருடன் பேசும் பகுதியான மோடமும் தனி மென்பொருள் ஓடும் ஒரு குட்டிக் கணினிதான். மாறும் நேரத்தில் அது இடறினால் பெரும்பாலும் மோடம் மட்டுமே எழுந்துகொள்ளும். சிக்னல் கோடுகள் பத்துப் பதினைந்து நொடி காணாமல் போய்த் திரும்பும். அதற்குமேல் போனால்தான் முழுக் கைப்பேசியும் எழும். நம் நாட்டில் 2022 அக்டோபரில் 5ஜி வந்தபோது ஏர்டெல் 4ஜியைத் துணைக்கு வைத்துக்கொள்ளும் என்எஸ்ஏ முறையிலும், ஜியோ 5ஜி தனித்து நிற்கும் எஸ்ஏ முறையிலும் தொடங்கின. ஒன்றில் சரியாக ஓடும் மோடம் மென்பொருள் மற்றதில் இடறலாம் என்பதால், வேறு நிறுவனத்தின் 5ஜி சிம்மை ஒருவரிடம் இரவல் வாங்கிப் போட்டு அதே இடத்தைக் கடந்து பார்ப்பது பயனுள்ள சோதனை.

4ஜிக்கு மாற்ற, செட்டிங்ஸில் சிம் பகுதிக்குள் ‘ப்ரிஃபர்டு நெட்வொர்க் டைப்’ என்பதைத் தொடுங்கள். அது தொல்லையைத் தள்ளிவைக்கும், தீர்க்காது. தீர்வு மோடம் மென்பொருளைத் திருத்தும் புதுப்பிப்பில் இருக்கிறது. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், இடத்தையும் நேரத்தையும் எழுதிச் சேவை மையத்தில் இப்போதே புகார் பதிந்து, ரசீது வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு நீங்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்க நேர்ந்தால், முதலில் கேட்பது அந்தத் தேதியைத்தான்.

கேள்வி: விடுதியில் என் கைப்பேசியும் அறைத்தோழனின் கைப்பேசியும் அடிக்கடி வைஃபையிலிருந்து கழன்றுகொள்கின்றன. என்னுடையது இரண்டு முறை அணைந்தும் எழுந்தது. பக்கத்து அறையில் ‘ஹேக்கிங்’ படிப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒருவர் இருக்கிறார். அவர் வேலையாக இருக்குமா?
— வாசகர், கோவை

பதில்: கழன்றுகொள்வது அவர் வேலையாக இருக்கலாம், அணைந்து எழுவது அநேகமாக இராது. வைஃபையில் ஒருவரை இணைப்பிலிருந்து வெளியேறச் சொல்லும் பொய்ச் செய்தியை அனுப்புவது பழைய பாதுகாப்பு முறைகளில் எளிது, கற்றுக்குட்டிகளும் செய்வார்கள். டபிள்யூபிஏ3 அந்த ஓட்டையை அடைக்கிறது. அந்தச் செய்தியால் இணைப்பு போகுமே தவிர, நல்ல நிலையில் உள்ள கைப்பேசி அணையாது.

வைஃபை வழியாகவே கைப்பேசிக்குள் புகுந்த ஆய்வுகளும் உண்டு. 2017-இல் பிராட்காம் நிறுவனத்தின் வைஃபை சில்லுகளில் கண்டறியப்பட்ட ‘பிராட்பவுன்’ என்ற பிழை ஐபோனையும் ஆண்ட்ராய்டையும் ஒருசேரத் தொட்டது. அவ்வாண்டு ஜூலையில் இரண்டுக்கும் திருத்தம் வந்துவிட்டது. 2023 மார்ச்சில் சாம்சங் எக்ஸினோஸ் மோடம்களில் 18 பிழைகள் இருப்பதாகக் கூகுளின் ப்ராஜெக்ட் ஜீரோ என்ற பாதுகாப்பு ஆய்வுக் குழு அறிவித்தது. அவற்றில் நான்கைக் கைப்பேசி எண் மட்டும் தெரிந்தாலே பயன்படுத்த முடியும் என்பதால், திருத்தம் வரும்வரை வைஃபை காலிங்கையும், 4ஜி வழியாகப் பேசும் வோல்ட்டி வசதியையும் நிறுத்திவைக்கச் சொன்னது. இவையெல்லாம் தேர்ந்த ஆய்வாளர்கள் மாதக்கணக்கில் உழைத்துக் கண்டவை. உங்கள் செட்டிங்ஸில் ‘செக்யூரிட்டி பேட்ச்’ என்ற இடத்திலுள்ள தேதியைப் பாருங்கள். அது இரண்டு மூன்று ஆண்டுகள் பழையது என்றால் பக்கத்து அறைக்காரரைவிட அந்தத் தேதிக்கே நீங்கள் அஞ்ச வேண்டும்.

கேள்வி: மாடிப்படியில் விழுந்ததிலிருந்து, வீட்டு வைஃபையில் படம் பார்த்தால் பத்து நிமிடத்தில் கைப்பேசி சூடாகி அணைந்து எழுகிறது. மற்ற இடங்களில் வைஃபை பயன்படுத்துவதில்லை. போர்டையே மாற்ற வேண்டும் என்கிறார் கடைக்காரர்.
— வாசகி, காரைக்குடி

பதில்: உங்களுக்கு அணைவது அந்த வைஃபையில் அல்ல, எந்த வைஃபையிலும் என்றே நினைக்கிறேன். பக்கத்து வீட்டாரின் கைப்பேசியில் ஹாட்ஸ்பாட் போடச் சொல்லி அதே படத்தைப் பத்து நிமிடம் பாருங்கள். அங்கும் அணைந்தால், விழுந்த அதிர்ச்சியில் வைஃபை சில்லின் அடியிலுள்ள பற்றுவைப்பில் (சால்டரிங்) மயிரிழைப் பிளவு விழுந்திருக்கலாம். சூடேறி விரியும்போது தொடர்பு விட்டுப்போகும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். நாளடைவில் வைஃபை பொத்தானே நகராமல் மங்கிக் கிடந்தால் ஐயமே வேண்டாம். விழாத கைப்பேசிக்கும் இது வரும். 2016 ஜனவரியில் எல்ஜி நிறுவனம் தன் ஜி4 கைப்பேசிகள் ஓயாமல் அணைந்து எழுந்ததற்குப் பாகங்களுக்கிடையே தொடர்பு தளர்ந்ததே காரணம் என்று ஒப்புக்கொண்டது.

போர்டை மாற்றச் சம்மதிக்குமுன் கடைக்காரரிடம் ஒன்று கேளுங்கள்: சில்லை மட்டும் எடுத்து மறுபடி பற்றவைக்கும் வேலையை அவர் செய்வாரா, அல்லது செய்பவரைத் தெரியுமா? படங்களும் தகவல்களும் அதே போர்டில் பற்றவைக்கப்பட்ட நினைவகத்தில்தான் இருக்கின்றன. போர்டு போனால் அவையும் அதோடு போகும். எப்படியானாலும், இன்று இரவே வைஃபையை அணைத்து வைத்து, கைப்பேசி சூடேறாமல் பார்த்துக்கொண்டு, கேபிள் வழியாகக் கணினிக்கு எல்லாவற்றையும் படியெடுத்துவிடுங்கள்.